ஒரு செங்கல் உயர அறை

வரி நோட்டீஸைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்ட மனிதர் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். அவரைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். தலையெழுத்து.

அன்று சலவைக்கடையில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். நாள் முழுக்க இஸ்திரிப்பெட்டியின் ஆவியில் நின்றுவிட்டு வந்தால், கொஞ்ச நேரத்துக்கு எதைப் பார்த்தாலும் ஓரங்கள் கரைந்துதான் தெரியும். எங்கள் வீட்டுக் கொத்தனார், அதாவது என் வீட்டுக்காரர், சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு களை. சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் போன பிறகு அந்தக் களையை நான் பார்த்ததே இல்லை. மகள் ஊரிலிருந்து வருகிறாளோ என்று நினைத்தேன்.

"இதைப் படி," என்றார். "கீழ, விவரம்னு போட்டிருக்கு பாரு."

படித்தேன். தரைத்தளம், இரண்டு அறை, சமையலறை. மேல்தளம், ஓர் அறை. தரம், நல்லது. அதற்கும் கீழே வரித்தொகை இருந்தது. போன வருஷத் தொகையை அதன் பக்கத்தில் நிறுத்தினால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை மாதிரி இருக்கும்.

"என்னங்க இது, அநியாயமா இருக்கு?"

"தரம் நல்லதுன்னு போட்டிருக்காங்க," என்றார் அவர். "ஆபீஸ்ல போட்டிருக்காங்க."

எங்கள் வீட்டு மாடியில் அறை எதுவும் கிடையாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இருப்பது ஒரே ஓர் அடுக்கு செங்கல். நாலு பக்கமும் ஓடி, ஒரு பக்கத்தில் வாசலுக்கு மட்டும் இடைவெளி விட்டு நிற்கிறது. கணுக்கால் உயரம்கூட முழுசாக வராது.

அது அவருடைய தொழில் வழக்கம். யாருக்கு அறை கட்டினாலும், முதலில் ஓர் அடுக்கு செங்கலை வெறுமனே வைப்பார். பிறகு வீட்டுக்காரர்களை அதற்குள் நடக்கச் சொல்வார். கட்டில் வரும் இடத்தில் படுத்துப் பார்க்கச் சொல்வார். பெரிய உத்தியோகஸ்தர்கள்கூட வெட்டவெளியில் வெறுந்தரையில் மல்லாந்து படுத்து, "ஜன்னல் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வரட்டுமா?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். "காகிதத்துல எல்லா அறையும் பெருசாத்தான் இருக்கும். கால் வச்சு நடந்தாத்தான் தெரியும்," என்பார். ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. சுவரைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. வாசல் வழியாகத்தான் வரவேண்டும், போகவேண்டும். தாண்டிவிட்டால் மனசுக்குள் சுவர் விழுந்துவிடுமாம். அப்புறம் அந்த அறை எப்படி இருக்கும் என்று தெரியாதாம்.

ஊரெல்லாம் அறை கட்டியவர் கடைசியில் எங்களுக்கும் ஒன்று என்று மொட்டைமாடிக்கு வந்தார். வயசான காலத்தில் இரண்டு பேரும் படுத்தபடி மழையைப் பார்க்க ஓர் அறை. அவ்வளவுதான் ஆசை. முதல் அடுக்கை வைத்து, நடந்து பார்த்து, திருப்தியாகி, சிமென்டும் பூசிவிட்டார். வேலைசெய்த இடங்களில் மிஞ்சிய வெள்ளை ஓடுகளைக் கொண்டுவந்து தரை முழுக்கப் பதித்தார். சுவரை எழுப்பிய பிறகுதானே தரை என்று கேட்டேன். "எனக்குப் பொறுக்கல," என்றார். அடுத்த மாசம் சாரம் சரிந்தது.

அதற்குப் பிறகு அவர் பெரிய வேலைகளுக்குப் போவதில்லை. உடைந்த படி, ஒழுகும் தொட்டி, இப்படிச் சில்லறை வேலைகள். ஆனால் சாயங்காலமானால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடிக்கு ஏறிவிடுவார். வாசலில் செருப்பைக் கழற்றுவார். உள்ளே போய்ச் சுவரில்லாத இடத்தில் சுவரோரமாகப் பாயை விரித்து உட்காருவார். நானும் துணி எடுக்கப் போகிறவள் அப்படியே செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவேன். எதற்கு வம்பு என்றுதான் வாசல் வழியாகப் போக ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் கால் தானாகவே அப்படிப் போயிற்று.

அங்கே உட்கார்ந்தால் ஒரு மாதிரி இருக்கும். வெயில் இறங்கி வெள்ளை ஓடுகள் மெல்லக் குளிரும். எதிர் வீட்டுத் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் வானம் நிறம் மாறிக்கொண்டே போகும். "ஜன்னலைச் சாத்தட்டுமா, காத்து அடிக்குது," என்பார். "இருக்கட்டும்," என்பேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் சலவைக்கடையில் யாருடைய திரைச்சீலையை இஸ்திரி போட்டாலும், அந்த ஜன்னலுக்கு இது பத்துமா என்று என் கை மடிப்பை அளந்துகொண்டேதான் இருக்கும். கோடை மழைக்கு ஓடி வந்து கீழே படுத்த ஒரு மத்தியானம், மாடி அறையின் கூரையில் மழை விழும் சத்தத்தை நான் கேட்டேன். அரைத்தூக்கத்தில்தான். இருந்தாலும் கேட்டேன்.

அதற்காக வரி கட்ட முடியுமா?

எதிர் வீட்டு மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். "எனக்கு அவ்வளவா ஏறலையே அக்கா," என்றார். அவர் வீடு எங்கள் வீட்டைவிடப் பெரிது. மருந்துச்சீட்டைப் படிப்பதுபோல எங்கள் நோட்டீஸை முன்னும் பின்னும் திருப்பினார். "நீங்க மாடியில ரூம் எடுத்தது எனக்குத் தெரியவே தெரியாதே," என்றார்.

மறுநாள் சலவைக்கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வரி ஆபீசுக்குப் போனேன். வீடுகளுக்கு மதிப்புப் போடும் பிரிவு மேல்மாடியில் இருந்தது. கொண்டையில் பென்சில் செருகிய ஒரு பெண் என்னை உட்காரச் சொன்னாள். என் மகள் வயசுதான் இருக்கும். சண்டை போடுவதற்கென்றே நான் தயார் செய்துகொண்டு போயிருந்த வார்த்தைகளை எல்லாம் அவள் முதலில் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். இப்படிப்பட்டவர்களிடம் சண்டை போடுவது கஷ்டம்.

"எல்லார் வீட்டுக்கும் இந்தத் தடவை மதிப்பு ஏத்தியிருக்கோம்மா," என்றாள். "ரொம்ப வருஷமா மாத்தாம இருந்தது. ஆனா மதிப்பு ஏறினா வரியும் அதே மாதிரி ஏறும்னு இல்ல. ஊருக்குச் செலவுக்கு வேண்டிய பணம் இவ்வளவுன்னு ஒண்ணு இருக்கு. அதை வீட்டுக்கு வீடு பங்கு போடறோம். யாருக்கு எவ்வளவு பங்குன்னு சொல்றதுதான் இந்த மதிப்பு."

"அப்போ எதிர் வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் ஏறலை?"

"எல்லார் மதிப்பும் ஒண்ணா ஏறினா, பங்கு மாறாது. வரி விகிதத்தைக் குறைச்சுடுவாங்க, தொகை ஏறக்குறைய பழையபடியே இருக்கும். உங்க வீட்டுக்கு மட்டும் புதுசா ஒரு மாடி அறை சேர்ந்திருக்கு. அதனால மத்தவங்களைவிட உங்க மதிப்பு கூடப் போயிருக்கு. பங்கும் பெருசாயிருக்கு."

"அந்த அறையை யாரு பார்த்தது?"

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். எங்கள் தெருவை மேலே இருந்து படம் எடுத்திருந்தார்கள். அதுவரை என் வீட்டைப் பறவை பார்ப்பதுபோல நான் பார்த்ததில்லை. வீடெல்லாம் கைக்குட்டை மாதிரி அடுத்தடுத்துக் கிடந்தது. தெருவில் ஆளே இல்லை. அதில் ஓரமாக எங்கள் வீடு, அதன் மேல் பளீரென்று ஒரு வெள்ளைச் சதுரம், சுற்றிலும் நேர்க்கோடாகச் சுவர். ஓடு பதித்த கூரை, சுற்றிக் கைப்பிடிச்சுவர். யார் பார்த்தாலும் அறை என்றுதான் சொல்வார்கள். மேலே இருந்து பார்த்தால் ஒரு செங்கல் உயரமும் பத்தடி உயரமும் ஒன்றுதான்.

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழகான அறை என்று தோன்றியது.

"நேர்ல வந்து பாக்கறேன்," என்றாள் பென்சில் பெண். "ஆனா அந்த அறையைக் கணக்குலேருந்து எடுக்கணும்னா வீடு யார் பேர்ல இருக்கோ அவர் சொல்லணும். அவர்தான் கையெழுத்தும் போடணும்."

வீடு கொத்தனார் பேரில் இருந்தது.

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். வானத்திலிருந்து எடுத்த படம் என்றதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேலேருந்து பாத்தா தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. அதனாலதான் இந்த வம்பு."

"மூலை எல்லாம் நேரா இருக்கா?"

"மூலை நேராத்தான் இருக்கு. உங்க புத்திதான் கோணலா இருக்கு," என்றேன். "மனக்கோட்டைக்கு வரி கட்டற ஆளை எங்கயாவது பார்த்திருக்கீங்களா? இருக்கறவனுக்கு ஒரு வீடு, இல்லாதவனுக்கு ஊரெல்லாம் வீடுன்னு சொல்வாங்க. அந்த ஊரெல்லாம் இருக்கற வீட்டுக்கும் இப்ப வரி போட ஆரம்பிச்சுட்டாங்க போல."

அவர் சிரிக்கவில்லை. "இருக்கற அறையை இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. ஒரு தடவை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடலாம். இது வருஷா வருஷம் வரும். என் இஸ்திரிக்கூலியும் அவருடைய சில்லறை வேலையும் சேர்ந்து இதைத் தாங்காது. இரண்டு வருஷம் தள்ளலாம், மூன்று வருஷம் தள்ளலாம். பிறகு வீட்டை விற்க வேண்டியதுதான். அவர் கையாலேயே கட்டிய வீடு. கீழே ஒவ்வொரு சுவரையும் தடவிக்கொண்டேதான் அவர் நடக்கிறார். வாடகை வீட்டுக்குப் போனால் அந்த முழங்காலோடு எந்தச் சுவரைப் பிடித்துக்கொள்வார்?

இதையெல்லாம் அப்படியே சொன்னேன். ஒளித்துப் பேச எனக்குத் தெரியாது. "மேல இருக்கற அறை வேணும்னா கீழ இருக்கற வீடு போயிடும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

பக்கத்துச் சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். "வந்து பாக்கட்டும்," என்றார் கடைசியில்.

பென்சில் பெண் ஒரு காலையில் வந்தாள். மாடிப்படி ஏறி வெயிலுக்குள் வந்தவள் சட்டென்று நின்றுவிட்டாள். படத்தில் பார்த்தது காலடியில் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் செங்கல் ஓரமாகவே நடந்து சுற்றி வந்தாள். இடைவெளியில் எங்கள் செருப்பு இரண்டு ஜோடி கிடப்பதைப் பார்த்தாள். ஒரு கணம் யோசித்துவிட்டுத் தன் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் கொத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா என்று கேட்கிற பார்வை அது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவளிடம் சிவப்புப் புள்ளி அடித்து அளக்கும் சின்னக் கருவி ஒன்று இருந்தது. அறையின் நடுவே நின்று நெஞ்சுயரத்தில் பிடித்து அழுத்தினாள். புள்ளி விழச் சுவர் வேண்டும் அல்லவா? வெளிச்சம் செங்கலுக்கு மேலே எங்கேயோ போய்விட்டது. கருவி ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி அழுத்தினாள். அப்போது இவர் காலை இழுத்துக்கொண்டு போய்ச் செங்கலோரமாக நின்று, உள்ளங்கையை விரித்துக் காற்றில் நிமிர்த்திப் பிடித்தார். அதுதான் சுவர் என்பதுபோல. சுண்ணாம்பும் சிமென்டும் தின்று வெடித்த கை. அதன் நடுவே சிவப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தது. கருவி கீச்சென்றது.

அவள் அளவைக் குறித்துக்கொண்டாள். அவர் அடுத்த சுவருக்குப் போனார், கையைத் தூக்கினார். அப்படியே நாலு சுவரையும் அளந்தார்கள். நான் படிக்கட்டு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அங்கே அறை இருந்தது. யார் இல்லையென்றாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"இதுல யாராவது புழங்கறீங்களா, ஐயா?" என்று கேட்டாள்.

இல்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள், "தினம் சாயங்காலம் இங்கதாம்மா இருப்போம்," என்றார் இவர். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பென்சில் பெண் எழுதவில்லை. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். பிறகு மெதுவாகப் பேசினாள். "ஐயா, நான் ஒண்ணு கேக்கறேன். யோசிச்சுச் சொல்லுங்க. இதுக்கு மேல சுவர் எழுப்பப் போறீங்கன்னா, இது கட்டிக்கிட்டிருக்கற அறைன்னு கணக்கு. அப்ப முழுசா எடுக்க முடியாது. ஒரு பகுதி மதிப்பு இருந்துக்கிட்டேதான் இருக்கும். எழுப்பப் போறதில்லைன்னா, இது வெறும் மொட்டைமாடி. எடுத்துடலாம். பழைய வரிக்கே கிட்டத்தட்ட வந்துடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எழுப்பப் போறீங்களா?" என்று கேட்டாள்.

அவருக்கு எதிரே தூரத்தில் யாரோ கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் சாரம் தெரிந்தது. அதைப் பார்த்தார். தன் முழங்காலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அரைநாள் கூலியை விட்டு ஆபீசுக்குப் போனேன். மூன்று வாரமாக அவரை அரித்து எடுத்தேன். ஆனாலும் அந்த நிமிஷத்தில், சொல்லாதீங்க என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

"இல்லைம்மா," என்றார். "எழுப்பப் போறதில்லை."

கையெழுத்துப் போட்டார். செங்கல் மேலேயே தாளை வைத்துக் குனிந்து போட்டார். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

புது நோட்டீஸ் வந்தது. தரைத்தளம், இரண்டு அறை, சமையலறை. அவ்வளவுதான். வரி எதிர் வீட்டுக்காரருக்குப் போலவே கொஞ்சமாகத்தான் ஏறியிருந்தது. "ஜெயிச்சுட்டீங்க அக்கா," என்றார் மருந்துக்கடைக்காரர். ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அவர் மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டார். கோபமெல்லாம் இல்லை. கேட்டால் முழங்கால் வலி என்பார். சாயங்காலத்தில் கீழே ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். நான் மட்டும் மேலே போய்த் துணியை எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்துவிட்டு வருவேன். ஒற்றை ஜோடிச் செருப்பு வாசலில் கிடப்பதைப் பார்க்க எனக்கு என்னவோபோல இருந்தது. ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்கவும் ஆள் இல்லை.

ஒரு நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கடையிலிருந்து கொண்டுவந்து காயப்போட்ட துணிகள் வேறு மேலே கிடந்தன. நான் மேலே இருந்தபடி அவரைக் கூப்பிட்டேன். "என்னங்க, ஒத்தை ஆளா முடியல. கொஞ்சம் வாங்க."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். நான் அறைக்குள் நின்று கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்தேன். காற்று வெள்ளைத் துணிகளை என் முகத்தில் அடித்தது. துணிக்கு நடுவே பார்த்தேன். அவர் நேராக என்னை நோக்கி வந்தார். நல்ல காலைத் தூக்கிச் செங்கலுக்கு மேலாக வைத்தார். வலிக்கிற காலையும் இழுத்துத் தாண்டினார். செருப்போடு அறைக்குள் வந்து நின்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் அப்படித் தாண்டியதே இல்லை.

நான் துணியைப் பிடித்தபடி நின்றேன். அவருக்கே தெரியவில்லை. துணிக்காகக் கையை நீட்டினார்.

"சுவர் வழியா வர்றீங்க," என்றேன்.

"எந்தச் சுவர்?"

"இந்தச் சுவர். நீங்க கட்டின சுவர்." துணியோடு கையை நீட்டிச் செங்கலைக் காட்டினேன். "ஆபீஸ்ல இல்லைன்னு சொன்னீங்க, சரி. அது ஆபீசுக்கு. எனக்கு யாரும் சொல்லல. வெளிய போங்க. வாசல் வழியா வாங்க."

முதல் தூறல் வெள்ளை ஓட்டில் விழுந்தது. அவர் என்னையே பார்த்தார். பிறகு திரும்பினார். இந்தத் தடவை செங்கலைத் தாண்டவில்லை. சுவரோரமாகவே நடந்து வாசலுக்குப் போய் வெளியே நின்று, மாடியின் கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்தபடியே, ஒரு காலும் பிறகு மறு காலுமாகச் செருப்பைக் கழற்றினார். என் செருப்புக்குப் பக்கத்தில் அதை ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.